மூன்று என்று சொல்லும் கல்

சென்ற மாதம் ஆம்பூர் ரயில் நிலையத்தில் பத்திரிகை வாங்கி அபிசீனியா யுத்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுப்பத்தியில் 'போர் அரங்கம்' என்று ஒரு சொல் இருந்தது. ஆங்கிலத்தில் இராணுவத்தார் 'தியேட்டர் ஆஃப் வார்' என்று சொல்வதைத் தமிழில் அப்படி ஆக்கியிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்தச் சொல்லின் பொருள் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். குண்டு விழுகிற இடம் மட்டும் அரங்கம் அல்ல. படை நகரும் வழி, படைக்குச் சோறு போகும் வழி, நோயாளியைக் கிடத்தும் கொட்டகை எல்லாம் சேர்ந்த பெரிய பிரதேசம் அது. அதற்குள் இருப்பவன் சமையல்காரனாக இருந்தாலும் யுத்தத்தில் இருப்பவன். அதற்கு வெளியே இருப்பவன் துப்பாக்கி வைத்திருந்தாலும் வெறும் பயணி. பதினைந்து வருஷத்துக்கு முன்பு இந்தப் பொருளில் முக்கால் பங்கு எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாத கால் பங்கை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டியது. நான் அங்கே தோல் பதனிடும் ஒரு மண்டியில் எழுத்தராக இருந்தேன். எல்லோரும் ரைட்டர் என்றே கூப்பிடுவார்கள். இன்ன லாரியில், அந்தக் காலத்தில் இன்ன வண்டியில், எத்தனை பச்சைத் தோல் வந்தது, எந்தக் குழியில் எந்த நாள் இறங்கியது, எந்த நாள் ஏறியது என்று குறிப்பதுதான் என் வேலை. வேலைக்காக வந்த பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. ஊரில் யார் பிறந்தார், யார் இறந்தார், ஏரி எந்த வாரம் நிரம்பியது என்று தனி நோட்டில் எழுதி வந்தேன். முந்தைய மகா யுத்தம் வந்ததும் அந்த நோட்டில் இன்னொரு பகுதி சேர்ந்தது. ஊரிலிருந்து யார் யார் எந்தக் கிழமை எந்த வண்டியில் புறப்பட்டார்கள் என்பது.

யுத்தத்தின் மூன்றாம் வருஷம், ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை எங்கள் மண்டியிலிருந்தே ஒருவர் போனார். தோலைப் பலகையில் போட்டு வளைந்த கத்தியால் சதை வழிக்கிறவர். நன்றாகத் தைக்கவும் தெரியும். இராணுவத்தின் கோவேறு கழுதைகளுக்குச் சேணம் தைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலூருக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். மற்றவர்கள் இராணுவக் கூலியாள் பிரிவில் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். இவர் மட்டும் தனியாகப் போனார். அவர் மனைவி எங்கள் மண்டியிலேயே தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிற கொட்டகையில் வேலை செய்தாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

பம்பாயிலிருந்து அவர் போட்ட ஒரு கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாளைக்குக் கப்பல் ஏறுகிறேன், பஸ்ரா போகிறதாம், கடல் பார்த்தால் பாலாறு வெள்ளம் போல இல்லை, அசையாமல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதன் பிறகு கடிதம் இல்லை.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை பழுப்பு உறையில் ஆங்கிலக் காகிதம் வந்தது. தபால்காரர் அதை நேரே என்னிடம் கொடுத்துவிட்டார். கப்பல் பஸ்ரா ஆற்றின் முகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றிருந்தபோது, கரை இறங்குமுன், காய்ச்சலால் இறந்தார். கடலில் அடக்கம் செய்யப்பட்டது. இவ்வளவுதான் செய்தி. நான் பட்டைக் கொட்டகைக்குப் போனேன். உலக்கைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. படித்துச் சொன்னேன்.

அவள் கையில் இருந்த உலக்கையைக் கீழே வைக்கவில்லை. "கரை இறங்குமுன்னன்னா?" என்றாள்.

"கப்பல் நின்ன எடத்துலயேம்மா. ஆத்துக்குள்ள போறதுக்கு முன்ன."

"மண்ணுல வைக்கலியா?"

"இல்ல. கடல்ல."

"நல்லாப் பாத்துப் படிங்க ரைட்டரய்யா. இன்னொரு வாட்டி."

இன்னொரு முறை படித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் ஜெபம் முடிந்த பிறகு அவள் தாலியைக் கழற்றினாள். நான் படித்த காகிதத்தை நம்பித்தான் கழற்றினாள். வேறு சாட்சி எதுவும் அவளுக்கு இல்லை.

மற்றவர்கள் இறந்தபோது அவர்களுடைய துணி மூட்டை வீடு வந்து சேர்ந்தது. ஒருவருக்குத் தகரப் பெட்டியும் வந்தது. இவருடையது எதுவும் வரவில்லை. இவர் இறந்ததைப் பார்த்த எங்கள் ஊரார் எவரும் இல்லை. சில மாதங்களில் புருஷனின் அண்ணன் பேச ஆரம்பித்தார். "ஒடம்பு இல்ல, மூட்டை இல்ல, ஒரு ஊசி கூட வரல. கடல்ல போட்டோம்னு எழுதிட்டா முடிஞ்சுதா? பம்பாயிலயே எறங்கி எவளோடயோ குடும்பம் நடத்துறான், தெரியாதா எனக்கு அவன." சிலர் சிரித்தார்கள். சிலர் நம்பினார்கள். அவள் காகிதத்தைத் தகர டப்பியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துத் தாசில்தார் கச்சேரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் யுத்தத்துக்குப் போனார்களோ அந்தந்த ஊரில் ஒரு கல் பதிப்பார்கள். கல்லில் பெயர்கள் இருக்காது. எண்கள் மட்டும்தான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அந்த இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். போனவர்கள் என்றால் யார் என்பதற்கு அறிக்கையிலேயே விளக்கம் இருந்தது. 'தியேட்டர் ஆஃப் வார்' ஏதேனும் ஒன்றுக்குச் சென்றவர்கள்.

ஊர் முன்சீப் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏம்பா, போனவங்க கணக்கு உன் நோட்ல தான இருக்குது. நீயே எழுதிக் குடுத்துடு. எனக்கு இந்த இங்கிலீசு பேஜார் வேணாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் யாரும் கேட்காமல் எழுதியது முதல் முறையாகச் சர்க்காருக்குப் பயன்படுகிறது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். புறப்பட்டவர்கள் இருபத்தாறு பேர். திரும்பாதவர்கள் நான்கு பேர். அதை அப்படியே எழுதியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் என்னைச் சும்மா விடவில்லை. எழுதுவதற்கு முன் அதன் சரியான பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போய் மிஷன் பள்ளிக்கூடத்துப் புத்தக அறையில் உட்கார்ந்தேன். பெரிய அகராதி ஒன்று, கலைக்களஞ்சியத்தில் ஒரு பாகம், இராணுவ மாணவர்களுக்கான பழைய கைப்புத்தகம் ஒன்று. மூன்றும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின. படை நடவடிக்கைகள் நடக்கும் நாட்டுப் பகுதி. அதற்கு எல்லை உண்டு. நாட்டுப் பகுதி என்ற சொல்லில் என் மனம் நின்றது. எல்லை என்றால் எங்களுக்குத் தெரிந்தது எல்லைக்கல். நில அளவைக்காரன் நட்டுவைத்த கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் இன்னொரு ஊர். போர் அரங்கத்துக்கும் அப்படி ஒரு கோடு இருக்க வேண்டும், அது கரையில் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். கரை இறங்காதவன் கோட்டைத் தாண்டாதவன். சேணம் தைக்கப் போனவர் கரை இறங்குமுன் இறந்தார் என்று சர்க்கார் காகிதமே சொல்கிறது. ஆகவே அவர் அரங்கத்துக்குப் போகவில்லை. போகாதவர் அங்கே உயிர் கொடுத்தவரும் ஆகமாட்டார்.

இருபத்தைந்து, மூன்று என்று எழுதிக்கொண்டு முன்சீப்பிடம் போனேன். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆட்கள் எல்லோரையும் தெரியும்.

"நாலு பேருன்னு இல்ல நெனச்சேன்?"

விளக்கினேன். பாதி கேட்டதும் கையை அசைத்தார். "அட சேத்துக்கப்பா. செத்தவன் செத்தவந்தான். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கேட்டா பதில் சொல்லணும் இல்லீங்களா. சொல்லுக்கு அர்த்தம்னு ஒண்ணு இருக்குதே."

"உன் அர்த்தம் உன்னோட," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா என் விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டு, மற்ற ஊர்க்காரர்கள் யாரும் இவ்வளவு சுத்தமாக எழுதவில்லை என்றார். அந்தப் பாராட்டை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. கிழித்துவிடலாம் என்று பல முறை நினைத்து, கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கல் வேலூரில் வெட்டி மாட்டுவண்டியில் வந்தது. பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை சாவடிச் சுவரில் பதித்தார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆனால் எண் எல்லோருக்கும் தெரியும். பதித்த அன்றே ஜனங்கள் வந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். பெயர் இல்லாத கல் என்பதால் யார் யார் என்று அவர்களே பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. மேட்டுத்தெருக்காரர் ஒருவர், ஆற்றோரத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். மூன்று முடிந்துவிட்டது. விரல் மடக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

புருஷனின் அண்ணன் அங்கேயே இருந்தார். "நான் சொன்னேன். எவனும் கேக்கல. இப்ப சர்க்காரே கல்லுல எழுதிட்டான்."

மறுநாள் அவள் பட்டைக் கொட்டகையிலிருந்து நேரே என் மேசைக்கு வந்தாள். கையெல்லாம் பட்டைத் தூள். குழிகளில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ரைட்டரய்யா, கணக்கு நீங்க குடுத்ததுன்றாங்க. நெசமா?"

"ஆமா."

"எங்கூட்டுக்காரர உட்டுட்டீங்களா, மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய், ஆனால் அவளுக்கு அது கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நான் அரங்கத்தின் எல்லையை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். கரை, கோடு, சொல்லின் பொருள். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சுண்ணாம்புக் குழியைப் பார்த்தாள்.

"அந்தக் குழியில எறக்குற தோலுக்கு வால் ஓரமா வெட்டுக்குறி போடுறீங்க இல்ல? எறக்கும்போதே எண்ணி எழுதிக்கிறீங்க இல்ல?"

"ஆமா."

"அதுல ஒண்ணு ரெண்டு அழுகிப் போவுது. பட்டைத் தண்ணிக்கே வர்றதில்ல. அத்த இன்னான்னு எழுதுவீங்க? தோலே வரலன்னு எழுதுவீங்களா?"

பதில் எனக்குத் தெரியும். அழுகிய தோலுக்கும் அந்தத் தொகுதியிலேயே இடம் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போடுவோம். பச்சையாக வந்த நூறு, பதமாகி ஏறும்போது தொண்ணூற்றெட்டாக இருந்தாலும், வந்தது நூறுதான். இதை மாற்றி எழுதுகிற எழுத்தரை எந்த மண்டியிலும் ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள்.

"தோலுக்கு ஒரு சுழி இருக்குது," என்றாள். "என் தாலிய எடுக்கச் சொன்னது நீங்க படிச்ச காயிதம். போவவே இல்லன்னு சொல்றதும் நீங்க எழுதின காயிதம். நான் இப்ப யாரு? அறுத்தவளா, உட்டுட்டுப் போனவன் பொண்டாட்டியா? ஒண்ணு சொல்லுங்க, அதும்படி இருந்துக்கிறேன்."

குழிக்காரர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்பது நோட்டில் இல்லை.

கல் பதிக்க வந்த கல்தச்சர் சுவர்ப் பூச்சு முடிக்க இன்னும் ஊரில் இருந்தார். அன்று சாயங்காலம் அவரிடம் போய், எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இருவத்தஞ்ச இருவத்தாறா ஆக்கிடலாம். அஞ்சோட வயித்த மூடினா ஆறு. ஆனா மூணு நாலாவாது சாமி. மூண எட்டா வேணா ஆக்கலாம். சொல்லுங்க, இன்னும் அஞ்சு பேரு செத்திருந்தா சௌகரியம்."

கல்லின் முகம் முழுவதையும் ஒரு விரல் ஆழம் செதுக்கித் தள்ளிவிட்டுப் புதிதாக வெட்டலாம், ஆனால் அதற்குக் கச்சேரி உத்தரவு வேண்டும் என்றார். கச்சேரிக்கு எழுதினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. கல்லில் உள்ள எண்கள் தங்கள் கிராமத்திலிருந்து வந்த அறிக்கையின்படியே பொறிக்கப்பட்டவை, அறிக்கையில் அதற்கான காரணமும் விவரமாகத் தரப்பட்டுள்ளது, மாற்ற இடமில்லை. என் விளக்கக் குறிப்பையே எனக்கு எதிராகக் காட்டியிருந்தார்கள். அது அவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தது.

அதன் பிறகு ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் அவள் அதே மண்டியில் பட்டை இடித்தாள். நானும் அதே மேசையில் இருந்தேன். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒருவரை ஒருவர் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவள் என்னை ஏசவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. சாவடி வழியாக வருவதை விட்டுவிட்டு ஏரிக்கரையைச் சுற்றி வேலைக்கு வந்தாள். கொட்டகையில் மற்றப் பெண்களுக்குள் சண்டை வந்தால் "கல்லுல இல்லாதவன் பொண்டாட்டி" என்ற சொல் எப்படியாவது வெளியே வந்துவிடும். ஒரு தடவை அதை நானே காதால் கேட்டேன். உலக்கைச் சத்தம் அப்போது நிற்கவில்லை.

எனக்குள் ஒரு பக்கம் இன்னும் வாதாடிக்கொண்டே இருந்தது. சொல்லின் பொருள் அதுதானே, நான் அதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று. அது போதாமல் இன்னும் படித்தேன். யுத்தத்தைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். பிரான்சு அரங்கம், எகிப்து அரங்கம், மெசபொடாமியா அரங்கம் என்று பார்க்கும் இடமெல்லாம் அந்தச் சொல் இருந்தது. கடலில் அதன் எல்லை எங்கே என்று எந்தப் புத்தகமும் எனக்குத் தேவைப்பட்ட இடத்தில் சொல்லவில்லை.

ஒன்பதாம் வருஷம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல். நான் மேசையில் இருந்தேன். பட்டைக் கொட்டகையில் வேலை செய்யும் ஒரு வயதான பெண் வந்து, "ரைட்டரே, உங்கள அவ கூப்புடுறா. பொண்ணுக்கு வெத்தல மாத்த வந்திருக்காங்க. பேரணாம்பட்டு ஆளுங்க. பேச்சு நின்னு போச்சு," என்றாள்.

பெண்ணுக்கு அப்போது பதினாறோ பதினேழோ. மிஷன் பள்ளியில் படித்து, கைத்தொழில் வகுப்பில் இருந்தாள். நல்ல இடம் என்று கேள்விப்பட்டிருந்தேன். போனேன்.

வீட்டு முன்வாசலில் பந்தல் இல்லை, ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒரு காது மடல் கிழிந்திருந்தது. பெண்ணின் தாய் கதவோரம் நின்றாள். தகர டப்பி அவள் கையில் இருந்தது.

"இன்னா ரைட்டரே, உக்காருங்க," என்றார் அவர். "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு தங்கம். எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. வர்ற வழியில சாவடியில கல்லப் பாத்தோம். மூணு பேருன்னு போட்டிருக்குது. மூணு பேரும் யாருன்னு விசாரிச்சோம். பொண்ணோட அப்பா அதுல இல்ல. செத்தவரா, உசுரோட இருக்கிறவரா? நாளைக்கி கோயில் கல்யாணப் புஸ்தகத்துல அப்பா பேரு எழுதும்போது இன்னான்னு எழுதறது?"

அவள் டப்பியைத் திறந்து காகிதத்தை என்னிடம் நீட்டினாள். பதின்மூன்று வருஷம் கழித்து மறுபடியும் அதைப் படித்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. தமிழில் சொன்னேன்.

"காயிதம் சரி," என்றார் தாய்மாமன். "காயிதம் சொல்றத கல்லு ஏன் சொல்லல?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் கூப்பிட்டது காகிதம் படிப்பதற்காக அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பெண் வீட்டிலேயே இருக்கிறாள். காகிதத்தை அவளே படிப்பாள்.

"கல்லுக்குக் கணக்கு குடுத்தவன் நான்," என்றேன். "அவர் கரையில எறங்கல, கப்பல்லயே எறந்தாரு. யுத்தம் நடக்கிற பிரதேசத்துக்குள்ள போனவங்களத்தான் எழுதணும்னு உத்தரவு. கரையிலதான் அந்த எல்லைன்னு நெனச்சு அவர விட்டுட்டேன்."

தாய்மாமன் காகிதத்தின் பக்கம் விரலை நீட்டினார். "கப்பல் எங்க நின்னுதுன்னு போட்டிருக்கு?"

"ஆத்து முகத்துக்கு வெளிய. நங்கூரம் போட்டு."

"மணல் திட்டாண்ட," என்றார். "நானும் அங்க நின்னிருக்கேன், எட்டு நாளு. பெரிய கப்பலு அந்தத் திட்டத் தாண்டாது. சின்னக் கப்பலுக்காகக் காத்துக் கெடக்கணும். ஆட்டுக் கொட்டில்ல அடைச்சாப்பல. காய்ச்சல் அங்கயே ஆரம்பிச்சிடும். நான் தண்ணி தூக்குற ஆளாப் போனவன். யுத்தம் நடக்கிற எடத்த நாங்க ஃபீல்டுன்னுதான் சொல்லுவோம். திட்டுக்கு வந்து நங்கூரம் போட்ட அன்னிக்கே ஒரு தொரை வந்து, இன்னியிலேர்ந்து நீங்க ஃபீல்டுல இருக்கீங்கன்னு பேரு கூப்புட்டு எழுதினான். எங்க கப்பல்ல மூணு பேரு போய்ட்டான். மூணு பேரையும் ஃபீல்டுல செத்தவன்னுதான் எழுதினான். நான் பக்கத்துல நின்னேன்."

அவர் தொடர்ந்தார். "நம்ம பாலாத்துல எல்லை எங்க இருக்குது? இந்தக் கரையிலயா, அந்தக் கரையிலயா? நடு மணல்ல இல்ல? எல்லை எப்பவும் ஆத்துக்குள்ளதான் இருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. உங்க ஊர்லேர்ந்து இருவது பேருக்கு மேல போய் வந்திருக்கான். உங்க மண்டியிலயே சுண்ணாம்புக் குழியில நிக்கிறவன்ல எத்தினி பேரு பஸ்ரா பாத்தவன்? அவன்ல ஒருத்தன நீங்க கேக்கலியா?"

கேட்கவில்லை. வேலூருக்குப் போனேன், மூன்று புத்தகம் பார்த்தேன், பிறகு ஒன்பது வருஷம் இன்னும் பல புத்தகங்களைப் பார்த்தேன். என் மேசையிலிருந்து இருபது அடி தூரத்தில் முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் அந்த மணல் திட்டைத் தாண்டிப் போய் வந்தவர்கள். அவர்கள் புறப்பட்ட கிழமையையும் திரும்பிய கிழமையையும் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே என்ன பார்த்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆங்கிலச் சொல்லின் பொருளை அவர்களிடம் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"இல்ல," என்றேன். "கேக்கல. தப்பு கல்லோடது இல்ல, அவரோடது இல்ல. என்னோடது. இத்த எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

தாய்மாமன் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இங்க சொன்னது போதும்," என்றார். பிறகு கதவோரம் திரும்பி, "தங்கச்சி, கோயில் புஸ்தகத்துல ஃபீல்டுல எறந்தாருன்னே எழுதச் சொல்லலாம். நான் சாட்சி," என்றார்.

அன்றைக்குச் சாப்பாடு வரை இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். புருஷனின் அண்ணனும் வந்திருந்தார். மூலையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். புறப்படும்போது அவள் தெருவரை வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் எங்கோ எதிர்பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் சொன்னது என்னைத் தைத்தது.

"நீங்க வந்து சொன்னது நல்லது ரைட்டரய்யா. பொண்ணு தப்பிச்சா." சாவடிப் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டினாள். "ஆனா அது அங்கயே நிக்கும். தெனம் மூணுன்னே சொல்லிட்டு இருக்கும். நாளைக்கி அவ புள்ளைங்க வந்து எண்ணும். அப்ப சொல்றதுக்கு நீங்க எத்தினி நாளு இருப்பீங்க?"

அதே பங்குனியில் கல்யாணம் நடந்தது. மறுபடியும் கச்சேரிக்கு எழுதினேன், இந்த முறை தாய்மாமன் வைத்த கைநாட்டோடு. பதில் இல்லை. குழியில் நின்ற இரண்டு பேரையும் தேடிப் போய்க் கேட்டேன். ஒருவர் தாய்மாமன் சொன்னதையே சொன்னார். இன்னொருவர், "இப்ப இன்னாத்துக்கு," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது மறுபடியும் பத்திரிகைகளில் அரங்கம் என்ற சொல் வருகிறது. அது வரும் நாடுகளில் எங்காவது ஒரு சாவடியில் என்னைப் போல் ஒருவன் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்காக இதை எழுதவில்லை. அவள் கேட்ட கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. கல் என்னைவிட வெகுகாலம் இருக்கும். பேரணாம்பட்டில் அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களில் யாராவது என்றாவது எங்கள் ஊர்ச் சாவடிக்கு முன் நின்று விரல் மடக்கினால், அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கீழுள்ள வரி இருக்கட்டும்.

இந்த ஊரிலிருந்து யுத்தத்துக்குப் போனவர்கள் இருபத்தாறு பேர். அவர்களில் நான்கு பேர் உயிர் கொடுத்தார்கள்.